படகுத்துறையில் திரும்பிய டிராம்கள்

சான்பிரான்சிஸ்கோவின் பழைய டிராம்கள் பெரும்பாலானவற்றுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் இடம் உண்டு; அவற்றைத் திருப்பவே தேவையில்லை. ஆனாலும் மார்க்கெட் தெரு முடியும் இடத்தில், 1898இல் திறந்த படகுத்துறைக் கட்டடத்தின் முன்னே, அவை வளையப் பாதையில் சுற்றித்தான் திரும்பின. இதை வீண் செலவு என்று தள்ளிவிட முடியாது. வளைகுடாவின் குறுக்கே 1936இல் பாலம் திறக்கும்வரை ஓக்லாந்துக் கரையிலிருந்து வந்தவர்கள் படகைத்தான் நம்பியிருந்தார்கள். படகுக் கூட்டம் சீராக வராது. படகு கரை சேர்ந்ததும் மொத்தமாக இறங்கும். வளையத்தை அமைத்தவர்கள் அந்தக் கூட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பேன்.

முனை மாற்றுவது இரண்டொரு நிமிட வேலைதானே என்று கேட்கலாம். ஓட்டுநர் கட்டுப்பாட்டுக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடக்க வேண்டும். நடத்துநர் கீழே இறங்கி, கயிற்றைப் பிடித்துக் கூரைமேல் உள்ள கம்பத்தை மின்கம்பியிலிருந்து இறக்கி, மறுமுனைக் கம்பத்தை ஏற்ற வேண்டும்; இருக்கைகளின் சாய்மானங்களையும் புரட்ட வேண்டும். ஊர்க்கோடியில், தனியாக வந்து நிற்கும் வண்டிக்கு இது சிரமமில்லை. அங்கே அப்படித்தான் செய்தார்கள். மார்க்கெட் தெருவிலோ நகராட்சியும் தனியார் நிறுவனமும் நான்கு தடங்களில் வண்டி விட்டன. முட்டுத்தடத்தில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவது காத்திருக்கும்; வெளியேறும்போது எதிர்த்தடத்தையும் மறிக்கும். வளையத்தில் அந்தக் குறுக்கீடே இல்லை. இடம் நிறையப் பிடிக்குமே என்பது நியாயமான மறுப்பு. படகுத்துறை முன்னே அந்த இடம் இருந்தது. பவல் தெரு கேபிள் கார்கள் மார்க்கெட் தெருவைத் தொடும் சந்திப்பில் அது இல்லை, ஆகவே அங்கே ஒருமுனை வண்டியைச் சுழல்மேடையில் ஏற்றி, பணியாளர்களே கையால் தள்ளித் திருப்பினார்கள், இன்றும் தள்ளுகிறார்கள்.