அந்தக் காலத்துக் காசும் இந்தக் காலத்துக் காசும்

 

மலரில் குழு வளர்ந்த கதையைப் பலரும் எழுதுவார்கள். நான் வேறொரு வரலாறு எழுதுகிறேன். நம்ம கூட்டங்களில் அடிக்கடி ஒரு வாக்குவாதம் வருது. மூத்தவங்க, "நாங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தது, நேத்து வந்தவங்க சுலபமா கடன் வாங்குறாங்க" என்கிறார்கள். இளையவங்க, "உங்க காலத்துல மனையும் நகையும் சல்லிசு, எங்களுக்கு மிஞ்சினது வட்டிதான்" என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கு. எது எவ்வளவு உண்மை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

லால்பேட்டையின் பழைய சொத்து தண்ணீரும் கொடிக்காலும்தான். 10-ஆம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் ஏரி இன்றைக்கும் 44,000 ஏக்கருக்கு மேல் பாயுது. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் போகுது. அந்தத் தண்ணியை நம்பித்தான் இங்கே வெற்றிலைக் கொடிக்கால் வந்தது. வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டியதில் பெண்கள் கை நிறைய உண்டு. ஆனால் கொடிக்கால் பட்டாவில் பெண் பேர் அபூர்வம். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலை பெருகியது. நம்ம ஊர் ஆண்கள் விமானம் ஏறினார்கள். அனுப்பிய பணம் மனையாகவும் மாடி வீடாகவும் மாறியது. மனை விலையும் கூடவே ஏறியது. முன்பே இடம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது வரவு. இடம் இல்லாத கூலிக்காரர் பிள்ளைக்கு அதே விலையேற்றம் செலவு. ஆக, தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் என்று நாம் பேசுவதில் பாதி, இருந்தவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்தது சட்டம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மட்டும் மகன் மாதிரி மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. தமிழ்நாடு அரசு அதை மாற்றிச் சட்டம் கொண்டு வந்தது, அது 25.3.1989 முதல் அமல். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்றும் அதில் இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த அக்கா 1988-இல் கட்டிக் கொடுத்ததால் வெளியே; தங்கை 1990-இல் கட்டிக் கொடுத்ததால் உள்ளே. 9.9.2005-இல் அமலுக்கு வந்த மத்திய சட்டத் திருத்தம் இந்தக் கோட்டை அழித்தது. அன்றைய தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 11.8.2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனாலும் 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரிந்த சொத்தில் கை வைக்க முடியாது. பல அக்காமாருக்கு உரிமை கைக்கு வரும்போது நிலம் கை மாறிவிட்டது.

முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு உரிய பங்கு, மகன் பங்கில் பாதி. 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தி அதையும் சேர்த்தது. சட்டம் எதுவானாலும் வீட்டில் நடப்பது ஒன்றுதான். "கல்யாணத்துக்குச் செஞ்சாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்று கேட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சீர் கொடுத்த நகை அடகுக்குப் போய்விடும். தம்பிக்குப் போன மனை விலை ஏறிக்கொண்டே இருக்கும்.

இப்போ இளையவங்க பக்கம் பார்ப்போம். நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் முதலில் வந்த மாவட்டங்களில் நம்ம கடலூரும் ஒன்று. அப்போது தினக்கூலி 80 ரூபாய். ஒரு சவரன் சுமார் 6,500 ரூபாய். ஏறக்குறைய 80 நாள் கூலி ஒரு சவரன். 2024-இல் கூலி 319 ரூபாய்; சவரன் 50,000 ரூபாயைத் தாண்டியது. அப்போ 157 நாள் கூலி கொடுத்தாலும் ஒரு சவரன் வரவில்லை. கூலி நாலு மடங்கு, தங்கம் ஏழு எட்டு மடங்கு. "எங்களுக்கு எட்டலை" என்று மருமகள் சொல்வது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு.

மூத்தவங்க பக்கமும் கணக்கு இருக்கு. சர்வதேச நிதி உதவியோடு தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், 1991-92-இல் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. 1992-இல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைத்தது. எங்க குழு 1999-இல் தொடங்கியபோது மாசச் சேமிப்பு 30 ரூபாய். அன்னைக்கு எனக்கு நடவுக் கூலி 35 ரூபாய். மாசத்துல ஒரு நாள் உழைப்பை அப்படியே பெட்டியில் போட்டோம். இன்றைக்குச் சந்தா 200 ரூபாய்; அது அரை நாள் கூலி. அதனால், "பாட்டி போட்டது வெறும் 30 ரூபாய்தானே" என்று இளையவங்க சொல்லக் கூடாது. காசைக் காசோடு ஒப்பிட்டால் தப்பு வரும். உழைத்த நாளோடு நாளை ஒப்பிடணும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்க குழுவில் இது பெரிய சண்டையாக வந்தது. வயசான ஐந்து பேர் விலக, அவங்க மருமகள், மகள்கள் சேர வந்தாங்க. "பழைய சேமிப்பு மொத்தத்தையும் கட்டினால்தான் சேரலாம்" என்றார்கள் சிலர். "எல்லாம் சமம்னுதானே குழு" என்றார்கள் வந்தவர்கள். மூன்று கூட்டம் பேசி, தீர்மான நோட்டில் இப்படி எழுதினோம்:

1. அவரவர் சேமிப்பு அவரவருக்கே. விலகும்போது முழுசாகத் திருப்பித் தரணும்.

2. உள்கடன் வட்டியில் வந்த லாபம், யார் எத்தனை வருஷம் சேமிச்சாங்களோ அந்தக் கணக்கில் பிரியும். புதியவருக்கு, சேர்ந்த நாளிலிருந்துதான் பங்கு.

3. சுழல் நிதி யாருக்கும் சொந்தம் இல்லை. அது குழுவோட நிதி. அதிலிருந்து கடன் வாங்கப் பழையவர், புதியவர் எல்லோருக்கும் சம உரிமை.

இதற்குப் பிறகு சண்டை அடங்கியது. எது தனி உழைப்பு, எது பொதுச் சொத்து என்று பிரித்ததுதான் காரணம். வீராணத்தை வெட்டியவர்கள் நம்மிடம் முன்தொகை கேட்கவில்லை. ஆனால் தூர் வாரும் கடமை நமக்கு இருக்கு. சுழல் நிதியும் அப்படித்தான். வாங்கினவர் திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவருக்கு இருக்கும்.

வீட்டுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு நிற்கும் அம்மாமார் நம்ம தெருவிலேயே இருக்காங்க. 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இவர்களுக்காக இருக்கு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தானமாக எழுதிக் கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இரண்டு. மேலே சொன்ன மூன்று விதிகளையும் எல்லாக் குழுக்களும் அடுத்த மாதக் கூட்டத்தில் வாசித்து, தங்களுக்கு ஏற்றபடி தீர்மானம் போடணும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால், போடுவதற்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் குழுவில் வந்து சொல்லணும். போடலாமா வேண்டாமா என்பது அவங்க முடிவு. ஆனால் அந்த நிலத்தின் இன்றைய மதிப்பு என்ன, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போடட்டும்.