‘எக்ஸ்பெக்ட்’: கணிப்பும் கட்டளையும்

1. ஆய்வுப் பொருள்

‘எக்ஸ்பெக்ட்’ என்ற ஆங்கில வினை இரண்டு வேலை செய்கிறது. நாளை மழை வரும் என்ற கணிப்பையும் சொல்லும். ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும் என்ற கட்டளையையும் சொல்லும். வாக்கிய அமைப்பும் பேசுபவரின் அதிகாரமும் சேர்ந்தே எது என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. வாக்கிய அமைப்புகள்

2.1 பெயரை நேரே கொள்வது: ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் எ பார்சல்.’ வந்துசேர இருக்கும் பொருளுக்குத் தொடர்வடிவம் இயல்பு. செயப்படுபொருள் இல்லாமல் ‘ஷி இஸ் எக்ஸ்பெக்டிங்’ என்றால், அவர் கருவுற்றிருக்கிறார் என்று பொருள்.

2.2 ‘டு’ சேர்ந்த வினையைக் கொள்வது: ‘ஐ எக்ஸ்பெக்ட் டு பாஸ்.’ நினைப்பவரும் செய்பவரும் ஒருவரே. ‘ஐ எக்ஸ்பெக்ட் பாஸிங்’ என்பது பிழை. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்ற தொடரை அடுத்து ‘-இங்’ வடிவம் வருவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது.

2.3 ‘தட்’ துணைவாக்கியம்: பெரும்பாலும் கணிப்பு. பேச்சில் ‘தட்’ உதிர்ந்துவிடும். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஐ எக்ஸ்பெக்ட் யூ ஆர் டயர்ட்’ என்றால் ‘களைத்துப் போயிருப்பீர்கள்’ என்ற ஊகம். அதில் எதிர்காலமே இல்லை.

2.4 ஆள் + ‘டு’ வினை: ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்.’ வருவார் என்றும் கொள்ளலாம், வந்தாக வேண்டும் என்றும் கொள்ளலாம். இருபொருள் இங்கேதான் குடியிருக்கிறது. ‘ஃப்ரம்’ அல்லது ‘ஆஃப்’ சேர்த்து ஒருவரிடமிருந்து ஒன்றை எதிர்பார்ப்பதாகச் சொன்னால், கட்டளைப் பொருள் ஓங்கும்.

3. செயப்பாட்டுச் சோதனை

மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1965இல் வெளியிட்ட தொடரியல் நூலில் இவ்வினையை ‘பெர்சுவேட்’ என்ற வினையோடு ஒப்பிட்டார். மருத்துவர் நோயாளியைச் சோதிப்பார் என எதிர்பார்ப்பதும், நோயாளி மருத்துவரால் சோதிக்கப்படுவார் என எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ ஒன்றே. ‘பெர்சுவேட்’ அப்படியல்ல: முன்னதில் இணங்கவைக்கப்பட்டவர் மருத்துவர், பின்னதில் நோயாளி.

கட்டளைப் பொருளில் இந்தச் சமன்பாடு சற்றே ஆட்டம் காண்கிறது. மாணவர்கள் அறையைத் துப்புரவு செய்ய வேண்டும் என்றால் பொறுப்பு நேரே மாணவர்கள் தலையில். அறை துப்புரவாக வேண்டும் என்று திருப்பிச் சொன்னால் அந்த அழுத்தம் தளர்கிறது. ‘யூ ஆர் எக்ஸ்பெக்டட் டு’ என்ற அலுவலகத் தொடரிலோ கட்டளையிட்டவரே மறைந்துவிடுகிறார். கட்டளை மட்டும் நிற்கிறது.

4. ஒரு சான்று: டிரஃபால்கர், 1805

அக்டோபர் 21 அன்று, டிரஃபால்கர் கடற்போருக்கு முன், இங்கிலாந்து தன் வீரர் ஒவ்வொருவரும் கடமையைச் செய்வார் என நம்புவதாகக் கொடிகளால் செய்தி அனுப்ப பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் விரும்பினார். அவர் சொன்ன வினை ‘கன்ஃபைட்ஸ்’. அது சொற்களுக்குக் கொடி எண்கள் தரும் குறிப்பேட்டில் இல்லை. எழுத்தெழுத்தாகக் கட்ட வேண்டும். கொடிப்பொறுப்பாளர் பாஸ்கோ ‘எக்ஸ்பெக்ட்ஸ்’ என மாற்றலாமா என்று கேட்க, நெல்சன் இசைந்தார். அச்சொல்லின் எண் 269, மூன்றே கொடிகள். ‘ட்யூட்டி’ மட்டும் நான்கு எழுத்தாகத் தனித்தனியே ஏறியது.

அமைப்பால் அது ‘தட்’ வாக்கியம், 2.3இன்படி கணிப்பாக இருக்க வேண்டும். ஆனால் பேசியது நாடு, கேட்டவர்கள் போர்வீரர்கள். நம்பிக்கையாகத் தொடங்கியது கட்டளையாக ஒலித்தது. அமைப்பை அதிகாரம் வென்ற இடம் இது.

5. எதிர்மறை

‘ஐ டோண்ட் எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்’ என்பது ‘வரமாட்டார்’ என்ற கணிப்பு. ‘டிட்ன்ட்’ என்று மாறினால் பெரும்பாலும் அவர் வந்துவிட்ட வியப்பு. தமிழின் ‘எதிர்பார்க்கவில்லை’ நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுக்கும் பொது. ‘நீ வருவேன்னு எதிர்பார்க்கலை’ என்றால் வியப்பே முந்தும். தமிழர் இந்த இடத்தில் காலத்தைக் கவனித்தே ஆங்கில வினையைத் தேர வேண்டும்.

6. முடிவு

‘தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்பது தமிழ்க் கடிதத்தில் பணிவு. அதையே ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று எழுதினால், மேலதிகாரி கெடு வைப்பதுபோல் ஒலிக்கும். கேட்பவரைப் பணிக்கும் உரிமை நமக்கு இல்லாதபோது ‘ஹோப்’ அல்லது ‘லுக் ஃபார்வர்ட் டு’ என எழுதுவதே பொருந்தும்.