சந்திரகிரி தந்த தேவிகா

நடிகை தேவிகாவின் இயற்பெயர் பிரமீளா. திருப்பதிக்கு மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், பிற்கால விஜயநகர மன்னர்களின் தலைநகராக விளங்கிய சந்திரகிரி அவரது ஊர். 2022 வரை அது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரியும்வரை சித்தூரே சென்னை மாநிலத்தோடு இருந்ததால், அந்தப் பக்கத்து மக்களுக்குப் பட்டணம் என்றால் சென்னைதான். பின்னணிப் பாடகி ஜிக்கியின் குடும்பமும் சந்திரகிரியிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே வந்ததுதான்.

பிரமீளாவுக்குச் சினிமா வீட்டுச் சொத்து. தெலுங்குத் திரையுலகின் தந்தை எனப்படும் ரகுபதி வெங்கையா நாயுடுவின் வழிவந்த குடும்பம் அது. மசூலிப்பட்டினத்துக்காரரான வெங்கையா சென்னையில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். 1914இல் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். அவர் மகன் பிரகாஷ் 1921இல் 'பீஷ்ம பிரதிக்ஞை' என்ற மௌனப்படத்தை இயக்கினார். இத்தனை இருந்தும் பேத்தி தலைமுறைக்குக் கிடைத்தது சிறு வேடங்கள்தாம். 1953இல் கரிகபாடி ராஜாராவின் 'புட்டில்லு' படத்தில் தலைகாட்டினார். சேலம் எம்.ஏ.வேணு தயாரித்த 'முதலாளி' (1957) அவரை எஸ்.எஸ்.ராஜேந்திரனுக்கு ஜோடியாக்கியது, தேவிகா என்ற பெயர் நிலைத்ததும் அதன் பிறகே.

பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி ஆகியோருக்கு அடுத்த வரிசையிலேயே அவரை வைத்துப் பேசுவது வழக்கம். அந்தக் கணக்கைத் தடுமாற வைக்கும் படம் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). ஏறக்குறைய முழுப்படமும் ஒரே மருத்துவமனை செட்டில் எடுக்கப்பட்டது. கட்டிலில் புற்றுநோயோடு கணவன் முத்துராமன். வைத்தியம் பார்க்கும் டாக்டர் கல்யாண்குமாரோ அவன் மனைவியான தேவிகாவின் பழைய காதலர். தான் இறந்தால் அவரையே மணந்துகொள் என்கிறான் கணவன். அழுது புரள எல்லா இடமும் இருக்கிற காட்சி அது. தேவிகா குரலை உயர்த்துவதில்லை. கேட்ட சொல்லை நம்ப முடியாத திகைப்பை முகத்திலேயே நிறுத்திக்கொள்கிறார். அதன் இந்தி வடிவமான 'தில் ஏக் மந்திர்' (1963) படத்தில் இந்த வேடத்தை ஏற்றவர் மீனாகுமாரி.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவருக்கு ஓய்வில்லை. சிவாஜியுடன் 'அன்னை இல்லம்', 'ஆண்டவன் கட்டளை', 'நீலவானம்' என வரிசையாக நடித்தார். எம்.ஜி.ஆருடன் நடித்தது 'ஆனந்த ஜோதி' ஒன்றுதான். பி.ஆர்.பந்துலுவின் 'கர்ண'னில் (1964) கர்ணன் மனைவி சுபாங்கி அவர். சாவித்திரி துரியோதனன் மனைவி பானுமதி. சிவாஜிக்கு எதிரே நின்று, அவர் வீச்சுக்குப் போட்டியாகக் கத்தாமல் இடத்தைத் தக்கவைத்துக்கொண்ட நடிகைகள் மிகச் சிலரே.

இயக்குநர் பீம்சிங்கிடம் உதவி இயக்குநராக இருந்த தேவதாஸை அவர் மணந்தார். தேவதாஸ் இயக்கி, தேவிகா நடித்த 'வெகுளிப் பெண்' 1971ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மகள் கனகா 1989இல் 'கரகாட்டக்காரன்' மூலம் அறிமுகமானார். அந்தப் படத்தின் ஓட்டம் தமிழகம் அறிந்தது.

தேவிகா 2002 மே மாதம் காலமானார். பத்தாண்டு கழித்து, 2012 மார்ச்சில், புதுப்பிக்கப்பட்ட 'கர்ணன்' திரையரங்குகளுக்கு வந்தபோது, அவர் பெயரையே கேட்டிராத ஒரு தலைமுறை சுபாங்கியைப் பெரிய திரையில் பார்த்தது.