கரும்பு, ஒப்பந்தக் கூலி, காணொளிக் கலை

கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள், ஒப்பந்தக் கூலிகள் ஆகியோரின் வரலாற்றைப் பேசும் சமகாலக் கலைப் போக்கு. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களுக்கும் அந்த வரலாற்றில் பங்குண்டு. இவை அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நிலமற்றோர் பண்ணையாட்களாகக் கட்டுண்டிருந்தனர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கான சட்ட ஏற்பை நீக்கியது. நிலமோ கடனோ அவர்களை விடுவிக்கவில்லை. அதே 1840களில் கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை எழுந்தது. கடல் கடந்த தோட்டங்களுக்கும் இம்மாவட்டத்திலிருந்து ஆள் திரட்டினர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கான முதல் கூலிக் கப்பல் ‘ட்ரூரோ’ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர் அங்கு போயினர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள்.

பீஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காக உருகிப் பாடிய பாரதி, 1918 நவம்பரில் கடலூர் அருகே கைதாகி அந்நகரச் சிறையில் இருந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

காணொளியில் இவ்வரலாற்றைத் தொடுபவர்களுள் முக்கியமானவர் பிரிஸ்பேன் கலைஞர் சன்சிந்தியா மோகினி சிம்சன். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியக் கூலிகளின் வழிவந்தவர். ஓவியம், காணொளி, கவிதை, நிகழ்த்துகலை ஆகியவற்றின் வழியே, அரசு ஆவணங்கள் பதியாமல் விட்ட பெண்களின் நினைவை அவர் மீட்கிறார். அரசின் கூலிப் பதிவேடுகளில் பெயர், வயது, ஊர், சாதி, அங்க அடையாளம் உண்டு. அவர்கள் பட்ட துயரம் இல்லை.