காலித் தோட்டாவைக் கண்டு பயந்த அரசாங்கம்

ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து வரும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த 'என்ஃபீல்டு' எங்கிருந்து வந்தது தெரியுமா? லண்டன் அருகே என்ஃபீல்டில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதற்கு உதிரிபாகம் செய்து தரும் ஆர்டர் பெற்ற ரெட்டிச் நகர சைக்கிள் கம்பெனி, 1890-களில் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. பெட்ரோல் டேங்கில் பீரங்கிச் சின்னம் வந்த கதையும் இதுதான்!

அந்த என்ஃபீல்டு ரைபிளின் தோட்டா 1857-ல் என்ன செய்தது என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. கொழுப்பு தடவிய காகித உறையைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று செய்தி பரவ, சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்.

காகிதத் தோட்டாவில் ஒரு வசதி இருந்தது. சுட்ட பிறகு மறுபடி பயன்படுத்த எதுவும் மிஞ்சாது. 1866-ல் ஸ்னைடர், 1871-ல் மார்ட்டினி-ஹென்றி என்று புது ரைபிள்கள் வந்தபோது தோட்டா பித்தளைக்கு மாறியது. இப்போது ஒவ்வொரு வெடிக்கும் ஒரு காலிக் கூடு மிஞ்சியது.

பித்தளையின் குணம் விசித்திரமானது. வெடிக்கும்போது கூடு உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு புகை பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் குறைந்ததும் கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடும். ஆனால் பழைய வடிவம் திரும்பாது; அந்த அறையின் வடிவமே அதில் பதிந்துவிடும். இதையே ஒரு வேலையாகச் செய்வதுதான் 'ஃபயர் ஃபார்மிங்'. கையால் தோட்டா நிரப்புகிறவர்கள், ஒரு ரைபிளில் சுட்ட கூட்டை அதே ரைபிளுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். லீ-என்ஃபீல்டு .303 ரைபிள்களில், சேறு பட்டாலும் தோட்டா மாட்டிக்கொள்ளாமல் இருக்க அறையைத் தாராளமாகவே விட்டிருந்தார்கள். அதனால் அந்தக் கூடுகளுக்கு இந்தக் கவனம் ரொம்பவே தேவை.

ஆக, கூட்டின் வடிவத்தை மாற்றலாம், மறுபடி நிரப்பலாம், குண்டைப் பிடுங்கி வேறொன்றில் போடலாம். அரசாங்கத்தின் பயமும் இங்குதான் தொடங்கியது.

1878-ன் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைக்க இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு. அப்படி விலக்கு பெற்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்குப் பிடித்தமானது, 1898-ல் ஜான் ரிக்பி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ். சிக்கல் என்னவென்றால், மார்ட்டினி-ஹென்றி குழலும் அதே .450 அளவு. வேட்டைத் தோட்டாவின் குண்டைக் கழற்றி, திருட்டு மார்ட்டினிகளுக்குத் தோட்டா செய்துவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. 1907-ல் .450 ரைபிள்களை இந்தியாவிலும் சூடானிலும் இறக்குமதி செய்யத் தடை வந்தது. சொந்த ஆட்களின் துப்பாக்கியையே மாற்ற வைத்த பயம் அது!

லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. .500 தோட்டாக் கூட்டின் வாயைச் சுருக்கி .470 வந்தது. .465, .475 என்று வேறு அளவுகளும் வந்தன. பித்தளை வளைந்து கொடுத்தது, வியாபாரம் பிழைத்தது. இன்று உலகம் முழுவதும் பேர் பெற்ற .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பரவியதற்கு இந்தியத் தடையும் ஒரு காரணம்.

கூடு கிடைத்தாலும் மருந்து வேண்டுமே? அது அரசின் கையில் இருந்தது. குன்னூர் பக்கம் அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. இன்று அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பயம் போகவில்லை. ராணுவம் பயன்படுத்திய .303 பொதுமக்களுக்குத் தடை. அரசுத் தொழிற்சாலைகள் மக்களுக்கென்று விற்றது .315 ரைபிள். சுடும் பயிற்சி முடிந்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்கும் பழக்கமும் தொடர்கிறது.

பழைய கடையில் எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும் பித்தளைதான். ஆனால் ஒரு பேரரசின் கணக்கில் அது ஒருபோதும் பழைய சாமானாக இருந்ததில்லை.