அடையாற்றின் இரண்டு குடும்பங்கள்

1973-ல் திரு.வி.க. பாலம் வரும்வரை அடையாறு பகுதியில் ஆற்றைக் கடக்க முக்கிய வழி எல்பின்ஸ்டன் பாலம்தான். அதற்குக் கிழக்கே, முகத்துவாரம் பக்கம், என் பெரியப்பா வீச்சு வலை போடுவார். ஊரூர் குப்பத்துக்காரர். கரையோரக் கல்லருகே செத்தக்கெண்டை ஜோடியாக நின்றால் என் கையைப் பிடித்துவிடுவார்: "குஞ்சோட கீதுடா, வலைய வீசாத."

மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடும் அதே மீன்தான். கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும். துடுப்பை ஆட்டி ஆட்டி முட்டைமேல் தண்ணீர் ஓடச் செய்யும். குஞ்சு பொரித்த பிறகும் இரண்டும் பிரியாது. கூட்டத்தை நடுவில் விட்டு மேய்த்துக்கொண்டே போகும். இதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பங்காளி உண்டு. அதன் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் கோழையைக் கொறித்து வளரும். அந்தச் சின்ன மீன் பெரிய செத்தக்கெண்டையின் உடம்பையும் சுத்தம் செய்துவிடும் என்று வைமன், வார்டு என்ற இருவர் 1972-ல் எழுதினார்கள். இரண்டு இனங்களுக்குள் இப்படி ஒரு ஒத்தாசை!

1952-ல் ஜிலேபி மீன் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆப்பிரிக்க மீன், ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்று அரசே கொண்டுவந்தது. இதன் குடித்தனம் வேறு மாதிரி. ஆண்கள் சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் குழி பறித்து, எல்லைக்குச் சண்டை போட்டுக்கொண்டு காத்திருக்கும். பெண் வந்து முட்டையிட்டு, உடனே அள்ளி வாயில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடும். தகப்பனுக்கு அதற்குமேல் வேலையில்லை. பொரித்த குஞ்சுகளும் ஆபத்தென்றால் அம்மாவின் வாய்க்குள் ஓடி ஒளியும்.

ஆற்றில் சாக்கடை பெருகியபோது, எந்த மீன் பிழைக்கும் என்பதற்கு இந்த வித்தியாசம்தான் தீர்ப்பு எழுதியது என்பது என் எண்ணம். கல்லில் ஒட்டிய முட்டையைச் சேறு மூடினால் இரண்டு பேர் காவலிருந்தும் பயனில்லை. வாயில் தொட்டிலை வைத்திருப்பவள் நல்ல தண்ணீர் தேடி நகர்ந்துவிடலாம். மூச்சுக்காற்று குறைந்த நீரையும் ஜிலேபி தாங்கும். மழையில்லாத மாதங்களில் மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்து, ஆறு தேங்கி நாறும்போது கூட அது பிழைத்துக்கிடக்கிறது.

ஜிலேபியைத் திட்ட எனக்கு மனம் வராது. அதை நாம்தான் கூட்டிவந்தோம், சாக்கடையையும் நாம்தான் திறந்துவிட்டோம். 2011-ல் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்து, அடையாற்றுக் கழியில் அலையாத்தி மரங்களை வளர்த்தோம். முட்டை ஒட்ட இனி வேருக்குப் பஞ்சமில்லை; கழிவுநீர்க் குழாய்களைத்தான் இன்னும் முழுக்க அடைத்தபாடில்லை.