றெஜி வைற்றுக்கு 17 மில்லியன் கூடுதலா?

அமெரிக்க உதைபந்தாட்ட ரசிகர்களுக்குள் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒரே சண்டைதான்: ஒப்பந்தம் முடிஞ்ச வீரரை எடுக்க, பெறுமதிக்கு மேல காசு குடுக்கலாமா?

இந்தச் சண்டைக்கு வயசு கொஞ்சம்தான். 1989 இல் வந்த விதிப்படி ஒவ்வொரு அணியும் 37 பேரைத் தன் பிடிக்குள் வைத்திருக்கலாம். மிச்ச ஆக்கள்தான் சுதந்திரமாகப் போகலாம். அதாவது நல்லா விளையாடுறவன்தான் கட்டுண்டு கிடந்தான்! ஃப்ரீமன் மக்நீலும் வேறு 7 வீரர்களும் போட்ட வழக்கில், 1992 இல் ஜூரிகள் அந்த விதி சட்டத்துக்கு முரண் என்றார்கள்.

அடுத்த வருசம் கதவு திறந்தது. பிலடெல்பியாவில் இருந்த றெஜி வைற்றை, சின்ன ஊரான கிறீன் பே 4 வருசத்துக்கு 17 மில்லியன் டொலர் குடுத்து எடுத்தது. அப்போது அவருக்கு வயசு 31. 1996 பருவத்தின் சூப்பர் போலைக் கிறீன் பே வென்றது. அந்த ஆட்டத்தில் எதிரணியின் குவாட்டர்பேக்கை அவர் 3 தரம் மடக்கி விழுத்தினார்.

வேண்டாம் எண்டுற ஆக்கள் ஹேன்ஸ்வேர்த்தைக் காட்டுவினம். 2009 இல் வொஷிங்டன் அவரோடு 7 வருசத்துக்கு 100 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டது. 2 பருவத்தில் கதை முடிஞ்சுது.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கேலாது. வைற் கையெழுத்துப் போட்டபோது சம்பள உச்சவரம்பு இல்லை. அது 1994 இல்தான், அணிக்கு 34.6 மில்லியன் எண்டு வந்தது. அதுக்குப் பிறகு ஒருத்தருக்குக் கூடக் குடுத்தால், குறையிறது முதலாளியின்ர காசு இல்லை, பக்கத்தில நிக்கிற வீரனின்ர பங்கு.